பெயருக்கு விட்ட இடம்

பாட்டு எழுதுவதெல்லாம் ஒரு தொழிலா என்று போன கூட்டத்தில் உங்களில் ஒருவர் கேட்டார். தொழில்தான் தம்பி. அதில்தான் நான் சாப்பிட்டேன், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். நீங்கள் பத்திரிகைக்குக் கவிதை அனுப்புகிறீர்கள். கூடி உட்கார்ந்து ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துகிறீர்கள். எனக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஒரு வீட்டில் சாவு விழும். வீட்டார் அழுத கண்ணோடு வருவார்கள். விசாரித்து, எழுதி, எழுத்துக் கோத்து, காரியத்துக்குள் கருப்புக் கரை போட்ட தாளாக அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். மேலே 'இரங்கற்பா' என்று போட்டிருக்கும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் இருந்த ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவனும் நான்தான், பாட்டுக்காரனும் நான்தான். கையில் சுருட்டிய தாளோடு நான் தெருவில் நடந்தால், எதிர்ச்சாரிக்கு மாறிப் போகிறவர்கள் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

நான் பிறந்ததே இந்த மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். "எந்த ஊரு?" என்று ஆட்கள் கேட்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் என்பேன். "அது சரி, அதுக்கு முன்னாடி?" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஊர் அது ஒன்றுதான். ஆனால் இரங்கற்பாவுக்கு ஊர் வேண்டும், ஆறு வேண்டும். அதனால் ஆரம்பத்தில் எல்லாருக்கும் காவிரியைப் போட்டுவிடுவேன். ஒருமுறை சிக்னல் வேலை பார்க்கிறவர் ஒருவர், இறந்துபோன மகளுக்காக எழுதிய தாளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "எங்க பாப்பா காவிரியைப் பார்த்ததே இல்லீங்களே" என்று மட்டும் சொன்னார். கோபமே இல்லை அந்தக் குரலில். அன்றைக்குப் பிறகு கிள்ளான் ஆறும் என் பாட்டில் ஓடியது. சேறும் ஈயச் சுரங்கத்துக் கலங்கலுமாக ஓடட்டுமே, அந்தக் குழந்தை குளித்த ஆறு அதுதானே.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்களைப் பற்றி எழுதும்போது ஊரும் பேரும் சும்மா கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது புரிந்தது அஞ்சலை வந்த அன்று.

மழைக்காலம். முற்பகல். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் அச்சுக்கூடத்துக்குள் வந்து, சாவுப் பாட்டு எழுதுகிறவர் யார் என்று கேட்டாள். கிள்ளானுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவளாம். பெயர் அஞ்சலை. நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்குப் பாட்டு என்றேன். வீட்டுக்காரர் விஷயம் என்றாள். பெயர் கேட்டேன்.

"மருதமுத்து."

நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். இறந்தபிறகும் சொல்லமாட்டார்கள். கூட வந்தவர் யாராவது சொல்வார்கள். இல்லாவிட்டால் சாமி படத்தைக் காட்டி, கொடியைக் காட்டி, நாம் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார்கள். இவள் பக்கத்து லயத்து வீட்டு ஆளின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"புருஷன் பேரை இப்படிச் சொல்றியேம்மா," என்றேன்.

"அது அவரு பேரு இல்லீங்க. அவரு பேரு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே கையைக் காட்டினாள். தெருவுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் ஒரு மனிதன் குந்தி உட்கார்ந்து செங்கல் சூளைப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் அவள் புருஷன்.

நான் தாளைக் கீழே வைத்தேன். அவள் நின்றபடியே சொன்னாள். அவள் தோட்டத்துக் கங்காணி ஊரில் ஆள் பிடித்து, கப்பலுக்குக் காக்கவைக்கிற நாகப்பட்டினத்து டிப்போவுக்குக் கூட்டிப்போன கூட்டத்தில் இவள் புருஷனும் இருந்தான். நெஞ்சு சரியில்லை என்று டாக்டர் அவனைத் தள்ளிவிட்டார். அதே கூட்டத்தில் மருதமுத்து என்று ஒருவன். டாக்டர் பார்த்து அனுப்பியபிறகு, கப்பல் ஏறுவதற்கு முன், வாந்திக் காய்ச்சலில் அவன் செத்துப்போனான். கங்காணிக்கு ஆள் குறையக்கூடாது. தள்ளப்பட்டவனைக் கூப்பிட்டு, இனிமேல் நீதான் மருதமுத்து, பழைய பெயரை வாய் திறந்து சொன்னால் இரண்டு பேருக்கும் ஜெயில் என்று சொல்லி, குலதெய்வத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். செத்தவனை யாரோ எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். அவன் ஊருக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் புருஷன் இதை அஞ்சலையிடம் சொன்னான். பெயரைச் சொல்லவில்லை. சத்தியம் இருக்கிறதே.

இது ஒன்றும் உலகத்தில் நடக்காதது இல்லை. இப்படிப் பெயர் மாறிக் கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். எனக்குக் குளிர் பிடித்தது அதற்கு அடுத்து அவள் சொன்னதில்.

கொஞ்ச காலமாகத் தோட்டத்தில் ஒரு குரல் கேட்கிறதாம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து, மர வரிசையில் அவரவர் நிரைக்குப் போய் முதல் மரத்தில் கத்தி வைக்கும் நேரம், சூரியன் வராத வெளிச்சம். பாயா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சதுப்புப் பக்கமிருந்து, மருதமுத்து என்று இழுத்துக் கூப்பிடுகிற குரல். முதலில் ஏதோ பறவை என்றார்கள். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரரிடம் கேட்டால், சதுப்புப் பக்கம் வீடே கிடையாது என்கிறார். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், மூன்று தடவை கூப்பிட்டால்தான் ஏனென்று கேட்க வேண்டும் என்று நம்மவர்கள் சொல்வார்கள் அல்லவா? இது மூன்று தடவை கூப்பிட்டது. அதனால் அவள் புருஷன் பதில் கொடுத்துவிட்டான்.

"அன்னியிலேருந்து தினம் சதுப்புப் பக்கம் போறாரு," என்றாள். "ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் தூரம் போறாரு. செத்தவருக்கு யாரும் அழலை. அதனாலதான் அந்தப் பேரு சுத்துதுன்னு நினைக்கிறேன். ஒரு பாட்டு எழுதிக் குடுங்க, அங்க நின்னு படிச்சுடுறேன்."

வெளியே இருந்தவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. செத்துப்போன மருதமுத்துவைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னேன். டிப்போவில் பழகியது கொஞ்ச நாள்தான், அதிகம் தெரியாது என்றுதான் ஆரம்பித்தான். அவன் ஊர்க் கண்மாய் பெரிசு என்று சொன்னான். அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான் என்றான். அவன் சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்து கை ஒடிந்ததாம். நான் எழுதிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம் என்றான். எந்தப் பக்கம் என்று கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"கெழக்கால. மழைக்கு முறிஞ்சு விழுந்துட்டா அம்மா என்னையத்தான் வெட்டிப் போடச் சொல்லும். அதுக்கு ஒரு காது கேக்காது. அதனால யாரைக் கூப்பிட்டாலும் சத்தமாத்தான் கூப்பிடும். கண்மாய்க் கரையில நின்னு கூப்பிட்டா எனக்கு அக்கரையில கேக்கும்."

என் கை நின்றது. 'அவன்' எப்போது 'என்னை' ஆனது என்று தாளைப் பார்த்தேன். அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதிதில்லை என்று தெரிந்தது. தம்பிகளே, தங்கைகளே, ஒரு மனிதரைக் கேட்டு எழுதும்போது கதையை மட்டும் கேட்காதீர்கள். அவர் எந்த இடத்தில் 'அவன்' என்பதை விட்டு 'நான்' என்கிறார் என்று கவனியுங்கள். அந்த இடத்தில்தான் ஏதோ உடைந்திருக்கும்.

நான் தாளை மடித்துவிட்டு, மெதுவாக, சத்தியத்தை மீற வேண்டாம், என் காதில் மட்டும் உன் பழைய பெயரைச் சொல் என்றேன். அவன் வாயைத் திறந்தான். நெற்றியைச் சுருக்கினான். பெண்டாட்டியைப் பார்த்தான். சாவி வைத்த இடத்தை மறந்தவன்போல மடியைத் தடவினான்.

"முன்னாடி ஒண்ணு இருந்துச்சு," என்றான்.



அவர்கள் போனபிறகு அச்சுக்கூட முதலாளி என்னிடம் சொன்ன யோசனை தொழில்முறையில் நல்ல யோசனைதான். செத்தவனுக்கு ஒரு பாட்டு எழுது, உயிரோடிருக்கிறவன் வேறு ஆள் என்று அதில் சொல்லு, அவனுக்கு எதுகைக்கு வருகிற மாதிரி ஒரு பெயரை நீயே வை, அந்த ஆளே மறந்துவிட்டான், யார் கேட்கப் போகிறார்கள் என்றார். எனக்கு அது எவ்வளவு சுலபம்! இரண்டு மூன்று பெயர்கள் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஆனால் ஒருவன் பெயரை ஏற்கெனவே ஒருமுறை யாரோ பறித்து, வேறொன்றைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நானும் ஒன்றை எடுத்துக் கட்டினால் எனக்கும் அந்தக் கங்காணிக்கும் என்ன வித்தியாசம்? தெரியாத இடத்தில் அழகான சொல்லைப் போட்டு அடைக்காதீர்கள் என்று நான் உங்களிடம் அடிக்கடி சொல்வது இதனால்தான். பாட்டை எழுதினேன். அந்த ஓர் இடத்தைக் காலியாக விட்டேன். பெயர் தெரிந்த ஒரே ஆள் கங்காணிதான் என்பதால், ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் தோட்டத்துக்குப் போனேன்.

கங்காணி கொடுமைக்காரர் இல்லை. நரைத்த மீசை, வெள்ளை உருமால், சாயம் போன கோட்டு. என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கடல் தாண்டுன ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரு பழசு இருக்கு, பாட்டுக்காரரே. அதையெல்லாம் தோண்டுனா இந்தத் தோட்டத்துல ஒருத்தனும் நிக்கமாட்டான். அவன் பேரு மருதமுத்து. அவ்வளவுதான்."

துரைக்குத் தெரிந்தால் தன் ஆள் பிடிக்கும் லைசென்ஸ் போய்விடும், தன்னை நம்பி வந்த இத்தனை குடும்பத்தை யார் பார்ப்பது என்றும் கேட்டார். அதில் பொய் இல்லை. அந்தக் குரலைக் கேட்டிருக்கிறீர்களா என்றேன். தான் அந்தப் பக்கத்து நிரைக்கே போவதில்லை என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியலில் அஞ்சலையோடு நான் நிரைக்குப் போனேன். புருஷன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பனி மரங்களின் இடுப்புவரை நின்றது. ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி வெட்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பாதை. இன்னும் நாலைந்து பால்வெட்டுக்காரர்கள் எட்டத்தில் நின்றார்கள். முதல் மரத்தில் ஒரு வெட்டு வெட்டியதோடு கத்தியை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கங்காணியும் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். பாட்டை நிறுத்தத்தான் வந்தார்.

பிறகு பூச்சிகளின் சத்தம் அடங்கியது. நான் பேயைப் பற்றிக் கேள்விப்பட்டவன், எழுதியவன். ஆனால் அந்தக் குரல் நான் நினைத்த மாதிரி இல்லை. அழுகை இல்லை, மிரட்டல் இல்லை. ஒரு வயதான பெண்ணின் குரல். சாயங்காலம் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். காது கேட்காதவர்கள் கூப்பிடுவதுபோலத் தேவைக்கு அதிகமான சத்தம். தண்ணீருக்கு மேலே வருகிற மாதிரி நீண்டு வந்தது.

"மருதமுத்தூ..."

என் கை தானாகச் சிலுவை போட்டது. இவனைக் கூப்பிடுவது செத்தவன் இல்லை. அவன் சாவை அறியாத அம்மா. மகன் போன திசையைப் பார்த்து அவள் ஊரில் நின்று கூப்பிடுகிறாள். அது எப்படியோ இங்கே வருகிறது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாவது தடவை கூப்பிட்டதும் அவன் கத்தியை மரத்தடியில் வைத்துவிட்டு, "வந்துட்டேம்மா" என்றான். வீட்டில் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னான். சதுப்பை நோக்கி நடந்தான். அஞ்சலை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை, அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தான். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்க முடியாது.

மருதமுத்துவுக்காக எழுதி வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு, அந்தக் குரலுக்கு எதிரே நின்று அம்மாவுக்குப் பாடினேன். மெட்டு ஒப்பாரி மெட்டு. சொற்கள் அங்கேயே வந்தன.

*கண்மாய்க் கரைமேல நின்னு கூப்பிடும் தாயே*
*கப்பலேறும் முன்னாலே கண்மூடிட்டான் உன் மகன்*
*ஏன்னு குரல் கொடுத்தவன் நீ பெத்த பிள்ளையில்ல*
*இன்னொருத்தி பெத்தெடுத்துப் பேரு வெச்ச பிள்ளையம்மா*
*அவன் பேரு...*

அங்கே நிறுத்தினேன். நிறுத்த வேண்டும் என்று திட்டம் போட்டு வரவில்லை. அதற்குமேல் என்னிடம் இல்லை, அவ்வளவுதான். குரல் மறுபடி வந்தது, இந்தத் தடவை கிட்டத்தில். சதுப்பின் ஓரத்துக் கோரை, காற்று இல்லாமலே விலகியதை நான் பார்த்தேன். அவன் முழங்கால்வரை தண்ணீருக்குள் போய்விட்டான். அஞ்சலை பிடியை விடவில்லை. அவளும் இறங்கிவிட்டாள்.

"அவன் பேரு," என்று மறுபடி பாடினேன். கங்காணியைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு கையால் மரத்தைப் பிடித்திருந்தார். வெட்டுவாயிலிருந்து வழிந்த பால் விரல்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவையும் அந்த அரை அடியையே பாடினேன். என்னால் அதைத்தான் செய்ய முடிந்தது. அவரை மிரட்டவோ கெஞ்சவோ போயிருந்தால் அவர் பதில் பேசத் தொடங்கியிருப்பார். பேச்சு ஆரம்பித்தால் மனிதன் தப்பித்துவிடுவான். இடத்தைக் காலியாகக் காட்டிவிட்டு நிற்க வேண்டும்.

அவர் மரத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சடையா! அடே, வீரன் மகன் சடையா! திரும்புடா!"

தண்ணீருக்குள் இருந்தவன் நின்றான். பின்பக்கம் யாரோ தட்டியதுபோல மெதுவாகத் திரும்பினான். முதலில் கங்காணியைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பிடித்திருக்கும் பெண்ணை, அன்றுதான் பார்ப்பவன்போலப் பார்த்தான். நான் அந்த அடியை அவன் பெயரோடு பாடி முடித்தேன். உன் மகனுக்கு இன்று நாங்கள் அழுதோம், நீ வீட்டுக்குப் போ தாயே என்று முடித்தேன்.

குரல் இன்னும் ஒரே ஒரு தடவை வந்தது. அதில் பெயர் இல்லை. வெறும் ஓசை. சதுப்புக்கு மேலே போய்த் தேய்ந்தது. பூச்சிகள் மறுபடி தொடங்கின.

எல்லாரும் சேறும் தண்ணீருமாக நின்றுகொண்டிருக்கும்போது துரை தன் மட்டக்குதிரையில் வந்தார். வேலை ஏன் நிற்கிறது என்று கேட்டார். பூஜை என்றார் கங்காணி. துரை பிரம்பை நீட்டி, இப்போதுதான் பெயர் திரும்பக் கிடைத்தவனைக் காட்டி, "ஏய் ராமசாமி, போய்ப் பால் வெட்டு" என்றார். துரைக்கு நாங்கள் எல்லாருமே ராமசாமிதான். சடையன் துரையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்துப் பல மாதம் ஆயிற்று என்று அஞ்சலை பிறகு சொன்னாள்.

அந்தக் குரல் அப்புறம் வரவில்லை. ஆபீஸில் அவன் கடைசிவரை மருதமுத்துதான். லயத்தில் சடையன். கங்காணி லைசென்ஸும் போகவில்லை. நிரையில் நின்றவர்கள் ஒருவரும் வெளியே வாய் திறக்கவில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு என்ன பழசு இருந்ததோ.

நல்ல பாட்டு அன்றைக்கு ஜெயித்தது என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தில் வைத்துப் பார்த்தால் அது சுமாரான ஒப்பாரி. தளை தட்டும். நான் அதை அச்சில் ஏற்றவே இல்லை.

அடுத்த பயணத்தில் கங்காணி ஆள் பிடிக்க ஊருக்குப் போனார். திரும்பி வந்ததும் நேரே என் அச்சுக்கூடத்துக்கு வந்தார். அந்தக் கண்மாயைத் தேடிப் போனாராம். முருங்கை மரம் கிழக்குப் பக்கம் நின்றதாம். கிழவி உயிரோடு இருந்தாள். அவள் கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து, உன் மகன் கப்பலேறும் முன்பே போய்விட்டான் தாயே என்று சொன்னாராம். மற்றது எதையும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை என்றார்.

கிழவி அழவில்லையாம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

"தண்ணிக்குள்ள எறங்குன அந்தப் பிள்ளை நல்லா இருக்கானா?"

இதைச் சொல்லிவிட்டுக் கங்காணி உருமாலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கான்னு சொன்னேன்," என்றார். "பொண்டாட்டி மாசமா இருக்கான்னும் சொன்னேன்."

அந்த வருஷம் அவர் ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வரவில்லை.